மண்டிக் கணக்குப் பிள்ளை வேலைக்கு நாலு வருடப் படிப்பா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டது, 11 மே:

"பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். உயிரியல் பிரிவு. மார்க் பரவாயில்லை, ஆனால் மெடிக்கல் கிடைக்காது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அக்ரி பிசினஸ் மேனேஜ்மெண்ட் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறதாம். அதைத்தான் முதல் விருப்பமாகப் போடுவேன் என்கிறாள். என் மச்சான் மண்டி வைத்திருக்கிறார். 'கணக்குப் பிள்ளை வேலைக்கு நாலு வருஷம் படிக்கணுமா? நம்ம கடைக்கு அனுப்பு, நாலு மாசத்துல கத்துக்கும்' என்று சிரிக்கிறார். இயற்கை வளப் பொருளாதாரம் என்று ஒரு பாடமும் வருகிறதாம். ஏரியையும் கடலையும் காசு கொடுத்தா வாங்கினோம், அதற்கு என்ன பொருளாதாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

11 மே, இரவு

அண்ணா, உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. மண்டியில் நாலு மாதம் உட்கார்ந்தால் கொள்முதல், தரகு, எடைக்கழிவு எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அது தெரிய ரெண்டு வருடம் ஆனது, அதுவும் பட்டம் வாங்கிய பிறகு.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் காடாம்புலியூர் பக்கம். அண்ணாமலை நகரில் பி.எஸ்சி. அக்ரி, அப்புறம் வெளியூரில் வேளாண் வணிகத்தில் எம்.பி.ஏ. இப்போது ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறேன். விசிட்டிங் கார்டில் சி.இ.ஓ. என்று இருக்கும். சாக்கு எண்ணுவதும் நான்தான்.

சுருக்கமான பதில்: பாப்பாவுக்கு அரசு வேளாண்மைத் துறை வேலைதான் கனவு என்றால் பி.எஸ்சி. வேளாண்மை. வங்கி, கம்பெனி, சொந்தத் தொழில் என்றால் அவள் கேட்பதையே கொடுங்கள். மச்சானிடம் விவாதம் வேண்டாம்.

12 மே

நேற்று ரொம்பச் சுருக்கிவிட்டேன் போல. நாலு பேர் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பணிக்கு பி.எஸ்சி. வேளாண்மைதான் கேட்பார்கள். அக்ரி பிசினஸ் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. இதை முதல் வருடத்தில் யாரும் சொல்வதில்லை, நாலாம் வருடத்தில் தெரிந்து விடுதியில் அழுகிறார்கள். வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வின் தகுதிப் பட்டியலில் அக்ரி பிசினஸ் மேனேஜ்மெண்ட் இருக்கிறது. எங்கள் செட்டில் நிறையப் பேர் அந்த வழியாகப் போனவர்கள்தான். இன்றைக்கு ஒருத்தி பீகாரில் டிராக்டர் கடன் வசூலுக்கு அலைகிறாள்.

மேற்படிப்பு என்றால் ஐதராபாத்தில் மேனேஜ் என்னும் வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் உணவு மற்றும் வேளாண் வணிகம், 1979-இல் வர்கீஸ் குரியன் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மா. இவற்றில் நுழைய மூளையைவிட ஆங்கிலப் பத்திக்குப் பதில் எழுதும் பழக்கம்தான் அதிகம் வேண்டும். அதை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பாகூரிலிருந்து கேட்ட தம்பிக்கு: நீங்கள் புதுச்சேரிக்காரர், உங்களுக்கு சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு இருக்கிறது. காரைக்கால் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியை விட்டுவிட்டு ஏன் கோயம்புத்தூரையே பார்க்கிறீர்கள்?

13 மே, இரவு 11

இன்று குடோனில் நடந்தது மச்சான் விவாதத்துக்குப் பொருத்தமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

முந்திரிக்கொட்டை சீசன் கடைசி. 80 கிலோ மூட்டை கணக்கில் வாங்குகிறோம். ஒரு வியாபாரி 30 மூட்டை கொண்டுவந்தார். கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கி, சத்தத்தை வைத்தே "நல்ல சரக்கு" என்றார். எங்கள் போர்டில் இருக்கும் பெரியவரும் அப்படித்தான் சொல்வார், பத்துக்கு எட்டு தடவை சரியாகவும் இருக்கும். மீதி ரெண்டு தடவைக்குத்தான் வெட்டிப் பார்ப்பது.

எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து அதில் ஒரு கிலோ நிறுத்து எடுக்க வேண்டும். பாக்குவெட்டி மாதிரி இருக்கும் கத்தியில் ஒவ்வொரு கொட்டையாக நெடுக்கில் பிளக்க வேண்டும். ஓட்டுப்பால் கையில் பட்டால் தோல் கருகி உரியும். அதனால் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவோம். எங்கள் குடோனில் வெட்டுகிற அக்கா எண்ணெயை நம்ப மாட்டார், சாம்பலைத்தான் பூசுவார். பிளந்த பருப்பை மூன்று குவியலாகப் பிரிக்கிறோம்: நல்லது, புள்ளி விழுந்தது அல்லது முற்றாதது, சொத்தை.

இன்று நல்லது 248 கிராம், புள்ளி 40 கிராம். மொத்தம் 288. மூட்டைக்கு 80-ஆல் பெருக்கினால் 23 கிலோ சொச்சம், பவுண்டில் 50.8. ஆப்பிரிக்கச் சரக்கு கப்பலில் வந்தாலும் இந்த 'மூட்டைக்கு எத்தனை பவுண்டு' என்ற அவுட்டர்ன் கணக்கில்தான் பேரம் நடக்கும். ஐவரி கோஸ்டிலும் அதே 80 கிலோ, பண்ருட்டியிலும் அதே 80 கிலோ. 50-க்கு மேல் என்றால் அருமையான சரக்கு. சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டோம்.

அண்ணா, இந்தக் கணக்கு மண்டியில் கிடைக்காது. இதுதான் நாலு வருடம்.

14 மே, காலை 6

கிடைக்காது என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கத்தில் உறைத்தது. நேற்றுப் போட்ட கணக்கு தப்பு.

புள்ளி விழுந்த பருப்பை முழு எடைக்கு எடுக்கக் கூடாது, பாதிதான். 248-உடன் 20 கூட்டினால் 268 கிராம். மூட்டைக்கு 21.44 கிலோ, அதாவது 47.3 பவுண்டு. மூட்டைக்கு ஒரு கிலோ அறுநூறு கிராம் பருப்பை இல்லாமலே இருப்பதாக எழுதிவிட்டேன். 30 மூட்டைக்கு 48 கிலோ. வியாபாரிக்கு போன் போட்டேன். பணம் இன்னும் போகாததால் தப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு மேடம்" என்றார்.

பண்ருட்டியிலிருந்து ஒருவர் ராத்திரியே இந்தத் தப்பைப் பிடித்து எழுதியிருந்தார். நன்றி. மச்சான் பார்ப்பதற்குள் திருத்திவிடலாம் என்று நினைத்தேன், அவரும் பார்த்துவிட்டாராம்.

17 மே

"ஏரியும் கடலும் காசு கொடுத்தா வாங்கினோம்" என்ற அந்த வரி ஆறு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் அந்தப் பாடத்தின் முதல் கேள்வியே. காசு கொடுக்காததால்தான் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

எங்களுக்கு இரண்டாம் வருடத்தில் சாகுபடிச் செலவு வகைகள் வந்தன. ஏ1, ஏ2, பி1, சி2 என்று ராக்கெட் பெயர் மாதிரி இருக்கும். ஏ2 என்றால் கையிலிருந்து உண்மையில் போன பணம்: விதை, உரம், கூலி, குத்தகை. அதோடு வீட்டு ஆட்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டால் ஏ2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் சி2. விளைபொருளுக்கு ஆதரவு விலை செலவுக்கு மேல் 50 சதவீதம் என்று சுவாமிநாதன் ஆணையம் சொன்னதை எந்தச் செலவுக்கு மேல் என்று இன்றைக்கும் தெருவில் சண்டை நடக்கிறதே, அது இந்த ரெண்டுக்கும் நடுவில்தான். அரசு ஏ2 கூட்டல் எஃப்.எல்.லின் ஒன்றரை மடங்கு என்கிறது, விவசாயச் சங்கங்கள் சி2 கேட்கின்றன.

அந்த சி2 அட்டவணையை வீட்டுக்கு எடுத்துப்போய் எங்கள் கரும்புக்கு நிரப்பினேன். அம்மா களை எடுத்தது வந்தது. தாத்தா வாங்கிய நிலத்துக்கு வாடகை வந்தது. பாசனம் என்ற வரியில் மோட்டார் காயில் கட்டிய செலவு வந்தது. கரண்ட் இலவசம், அங்கே பூஜ்யம். தண்ணீர்? அதற்கு வரியே இல்லை.

எங்கள் முதல் போர்வெல் 180 அடி. நான் எட்டாவது படிக்கும்போது 260. கல்லூரி சேர்ந்த வருடம் 410. இந்த 230 அடி எங்கே போனது என்று எழுத அட்டவணையில் இடமில்லை. போர் போட்ட கூலி தேய்மானத்தில் வரும், இறங்கிப்போன தண்ணீர் எங்கும் வராது. மண்டிக் கணக்கில் சரக்கு குறைந்தால் குடோன் இருப்பில் கழிப்பார்கள். இந்தக் குடோனில் எவ்வளவு எடுத்தாலும் இருப்பு அப்படியே இருப்பதாகத்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் இதற்கு மேல் எனக்குத் தெரியாது. மச்சான் புத்திசாலி, இதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்.

18 மே

பலாப்பழம் பற்றிக் கேட்டவருக்கு: இல்லை, என்னால் மொத்த விலைக்கு வாங்கித்தர முடியாது. வணிகம் படித்தவள் வீட்டிலும் பலாவை எடை போட்டு விற்பதில்லை. தட்டிப் பார்த்து, காம்பைப் பார்த்து, முகத்தையும் பார்த்துத்தான் விலை.

21 மே

"ரெண்டு பாடமும் ஒரே பட்டத்தில் ஏன்? ஒன்று லாபம் சொல்லித்தருகிறது, இன்னொன்று லாபத்தைத் திட்டுகிறது" என்று வடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வகுப்பில் நாங்களும் அப்படித்தான் கேலி செய்தோம். எனக்கு அந்த ரெண்டும் ஒன்றாகத் தெரிந்தது 'தானே' புயலில்.

2011 டிசம்பர் 30. நான் மூன்றாம் வருடம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் விடிகாலையில் கரை ஏறியது. மறுநாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. பஸ் இல்லை, பைக்கிலும் நடந்தும் போனேன். காடாம்புலியூர் நெருங்கும்போது எனக்கு வழி தெரியவில்லை. பிறந்த ஊரில் வழி தெரியவில்லை. முந்திரிக்காட்டுக்குள் நுழைந்தால் எதிரே பத்தடி தெரியாது, அதுதான் எங்கள் ஊர். அன்றைக்கு நடு ரோட்டில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன, வேர்மண் செக்கச்செவேல் என்று மேலே பார்த்துக்கொண்டு.

எங்களுக்கு 140 மரம். 17 நின்றது. அப்பா அழவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்று அது யார் வைத்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் விறகு வியாபாரி வந்தார். அன்றைக்கு அந்த மரங்களுக்கு விலை சொன்ன ஒரே ஆள் அவர்தான். எனக்குக் கோபம். அந்த செமஸ்டரில்தான் சொத்து மதிப்பீடு படித்திருந்தேன். ஹால் டிக்கெட் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். சரியான எண்கள் இப்போது நினைவில்லை, வசதிக்கு ரவுண்டாகச் சொல்கிறேன். ஒரு மரம் செலவு போக வருடத்துக்கு 500 ரூபாய் தருகிறது, இன்னும் 25 வருடம் காய்க்கும். வரப்போகிற பணத்தையெல்லாம் 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஒரு மரம் 4,540 ரூபாய். "இதைத்தான்ப்பா நஷ்டம்னு எழுதணும். விறகு விலையை இல்லை."

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"வட்டி எவ்ளோ போட்ட?"

"பத்து."

"பத்துக்கு எவன் குடுக்கறான் பாப்பா? நான் வாங்கியிருக்கறது ரெண்டு வட்டி."

ரெண்டு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு ரெண்டு, வருடத்துக்கு 24. அன்று ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் திரும்பப் போட்டேன். கரண்ட் வர இன்னும் நாள் ஆகும். அதே மரம், அதே 500, அதே 25 வருடம். 24 சதவீதத்தில் 2,070 ரூபாய். மூணு வட்டிக்கு, அதாவது 36 சதவீதத்தில், 1,390.

விறகுக்காரர் உயிரோடு நிற்கும் மரத்துக்கே 1,500 கொடுத்தால் மூணு வட்டிக்கு வாங்கியவனுக்கு வெட்டுவதுதான் லாபம். அவன் முட்டாளும் இல்லை, பேராசைக்காரனும் இல்லை. அவனுக்கு நாளைக்கு என்பது அவ்வளவு மலிவு, அவ்வளவுதான்.

வேளாண் வணிகத்தில் இந்த வட்டி 'நடைமுறை முதல் செலவு' என்ற பெயரில் வரும். மார்ச்சில் கொட்டையை வாங்கி தீபாவளிக்குப் பருப்பாக விற்கும்வரை எத்தனை மாத வட்டி ஓடும் என்று. வளப் பொருளாதாரத்தில் அதே வட்டி வேறு வேஷத்தில் வருகிறது. மரத்தை விடுவதா வெட்டுவதா, மீனைக் குஞ்சாகப் பிடிப்பதா வளர விடுவதா, தண்ணீரை இன்றே எடுப்பதா என்று. 1931-இல் ஹோட்டலிங் என்ற அமெரிக்கர் சுரங்கத்துக்கு எழுதிய சூத்திரமும் கடைசியில் வட்டியைத்தான் கட்டிக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் அதைப் பத்து மார்க் கேள்வியாகப் படித்தேன். அப்பா அதை மூன்று வார்த்தையில் கேட்டார்.

22 மே

கணக்கைச் சோதித்தவர்களுக்கு. ஆமாம், 25 வருடமும் ஒரே மகசூல் என்று வைத்தது சோம்பேறித்தனம். கிழ மரம் குறையும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வைத்தால் மூன்றாம் வருடமே கொஞ்சம் காய்க்கும், அந்த வருமானத்தையும் நஷ்டத்திலிருந்து கழிக்க வேண்டும்.

"கிசான் கிரெடிட் கார்டில் 7 சதவீதம் இருக்க ரெண்டு வட்டிக்கு ஏன் போக வேண்டும்?" என்பவருக்கு: 7 சதவீதம் போட்டால் அந்த மரம் 5,830 ரூபாய். அழகான எண். கூட்டுறவில் தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது, அதுவும் தெரியும். ஆனால் பயிர்க்கடன் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். புதுக்கன்று வைத்தவன் முதல் கொட்டையைப் பார்க்கவே மூன்று வருடம். நடுவில் கல்யாணம் வரும், ஆஸ்பத்திரி வரும். அதற்குத்தான் ரெண்டு வட்டி.

24 மே

பிச்சாவரம் அலையாத்திக் காடு நினைவு வந்தது. பயணச் செலவு முறை என்று ஒன்று உண்டு. காட்டுக்கு டிக்கெட் விலை மதிப்பாகாது, அதைப் பார்க்க மக்கள் எவ்வளவு செலவு செய்து வருகிறார்கள் என்று கேட்டு அதிலிருந்து மதிப்பைக் கண்டுபிடிப்பது. படகுத்துறையில் கேள்வித்தாளோடு நின்றோம். புதுக் கல்யாண ஜோடி. "வண்டி வாடகை எவ்வளவு சார்?" "மூவாயிரம்." மனைவி திரும்பினார். "எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறுன்னு சொன்னீங்க?"

அந்தத் தாளில் எந்த எண்ணை எழுதினோம் என்று சொல்ல மாட்டேன். 2022-இல் பிச்சாவரத்துக்கு, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. எங்கள் ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

26 மே

பாகூர் தம்பி கேட்டிருக்கிறார்: "கிராமத்தில் போய்த் தங்குவார்களாமே, அதில் என்ன கிடைக்கும்?"

பெரும்பாலும் கொசுக்கடி. அப்புறம் ஒரு நாள், ஒரு வாக்கியம் கிடைக்கும்.

இறுதி வருடத்தில் எங்களை வீராணம் பக்கம் ஒரு ஊரில் போட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் தரையில் ஊர் வரைபடம் வரைய வேண்டும், ஊர்க்காரர்களே வரைய நாங்கள் பார்க்க வேண்டும் என்பது விதி. யாரும் வரவில்லை, நாங்களே வரைந்தோம். தெருவுக்குக் கோலமாவு, வீட்டுக்குச் செங்கல்தூள், ஏரிக்கு நீலக் கலர்ப் பொடி. ஏரியைப் பெரிதாக, அழகாக, நீள்வட்டமாக. பாடத்தில் படித்தது தலைக்குள் இருந்தது: முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, முழு மட்டம் 47.50 அடி, கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரத்து, சுமார் 45,000 ஏக்கர் பாசனம், 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர்.

ஒரு ஆயா வெற்றிலையை மென்றபடி வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "எந்த மாசத்து ஏரிய வரஞ்சிருக்கீங்க?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அவர் காலாலேயே நீலப் பொடியைக் கலைத்தார். தை மாசம் இவ்வளவு. சித்திரையில் இது, அப்போது இந்த மேட்டில் மாடு மேயும். ஆடிப் பெருக்குக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டால் இங்கே வரைக்கும். கடைமடையில் என் தம்பி நிலம், அங்கே வருவதற்குள் தலைமடைக்காரன் நாற்று நட்டுவிடுவான். அப்புறம் துப்பிவிட்டு, "மெட்ராசுக்குப் போற குழாய்க்கு மட்டும் எல்லா மாசமும் ஒரே மாதிரி" என்றார்.

'நீர் ஒதுக்கீட்டில் விளிம்புநிலை மதிப்பு' என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு கன அடி தண்ணீர் வயலில் எவ்வளவு மதிப்பு, நகரத்துக் குழாயில் எவ்வளவு, அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போகட்டும் என்பது. ஏட்டில் சரிதான். சென்னையில் தாகம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் எந்த மாசத்துக் கன அடி, யார் விட்டுக்கொடுத்தார், அவருக்கு என்ன வந்தது என்று அந்த ஆயா கேட்டதை நான் பரீட்சையில் எழுதினேன். பாதி மார்க்தான் வந்தது.

1 ஜூன்

தேவனாம்பட்டினத்துக்காரர் கோபமாக எழுதியிருக்கிறார்: "முந்திரி, ஏரி எல்லாம் பேசுகிறீர்கள், கடலை மறந்துவிட்டீர்கள். நாங்கள் 48 நாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்." நியாயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கு. 2017-க்கு முன்னால் 45 நாள். மீன் சினை வைக்கும் காலம், கடலை விட்டுவை, ஜூனுக்குப் பிறகு வட்டியோடு எடு என்பதுதான் இதன் பொருளாதாரம். மறுபடி வட்டி.

நான் வகுப்பில் ரொம்ப நம்பிக்கையோடு ஒரு தப்பு சொன்னேன். எல்லாருக்கும் பொதுவானது எல்லாராலும் அழியும் என்று 1968-இல் கேரட் ஹார்டின் எழுதியதை ஒப்பித்தேன். பின் பெஞ்சில் கடலூர் முதுநகர்ப் பையன் ஒருவன். எழுந்து, "எங்க ஊர்ல எவன் வேணா எப்ப வேணா வலை போட்டுட முடியுமா மேடம்? ஊர்ப் பஞ்சாயத்துல நிக்க வச்சிருவாங்க" என்றான். நான் மாணவி, என்னை மேடம் என்றது கிண்டல். ஆனால் அவன் சொன்னதைத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க உலகத்தின் பல ஊர்களில் அலைந்து நிரூபித்தார்: தங்களுக்குள் விதி வைத்து, காவல் வைத்து, மீறினால் அபராதம் போடும் ஊர்களில் பொதுவளம் அழியாமல் நிற்கிறது. 2009-இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் அவர்.

சரி, அப்படியென்றால் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை? ஊர் விதியெல்லாம் நன்றாக இருந்தால் ஊருக்கும் ஊருக்கும் ஏன் சண்டை? தமிழ்நாட்டில் 2000-இலேயே தடை போட்டாயிற்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. 12 மைல் போய், வலை விட்டு, 6 மணிக்குள் கரைக்குத் திரும்ப முடியுமா என்று சுருக்குமடிக்காரர் கேட்கிறார். ஒரு வளைப்பில் கூட்டத்தையே அள்ளிவிட்டால் நாங்கள் கரையோரம் எதைப் பிடிப்பது என்று ஃபைபர் படகுக்காரர் கேட்கிறார். ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல் கடன். கரைக்கு வந்த மீனை ஏலம் விடுகிறவரே கடன் கொடுத்தவராகவும் இருந்தால் எந்த வலை போடுவது என்ற முடிவு படகில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. ஆஸ்ட்ரமின் விதிகளுக்குள் இந்த ஏலக்காரரை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தேவனாம்பட்டினம் அண்ணே, தப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள். நான் முந்திரிக்காட்டுக்காரி, கடலைக் கரையிலிருந்து பார்த்தவள்.

3 ஜூன்

அண்ணே திருத்திவிட்டார். ஏலக்காரர் எல்லாரும் வட்டி வாங்குவதில்லையாம், "மீனை எனக்கே கொடு" என்பதுதான் பல இடத்தில் நிபந்தனை. விலையில் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்வார், அதுதான் வட்டி. எங்கள் பக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்து முந்திரிக்காட்டைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பதும் இதேதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. பதினாலு வருடமாக ரெண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன்.

5 ஜூன்

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் வளப் பொருளாதாரம் பேச முடியாது என்கிறார்கள். பேசலாம், ஆனால் இங்கே சண்டை வேண்டாம், ரெண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சித்தப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அத்தை நிலம் கொடுத்தவர்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கியபோதுதான் கறுப்பாக ஏதோ வந்தது. என்.எல்.சி. நிறுவனம் 1956-இல் வந்தது. தண்ணீரைத் தேடிப்போய் நிலக்கரி கிடைத்தது. இப்போது நிலக்கரியை எடுக்க அதற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும். ஒரு வளத்தின் செலவுக் கணக்கில் இன்னொரு வளம் ஒளிந்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை. கரண்ட் இல்லாமல் இதை டைப் அடிக்கவும் முடியாது. நிறுத்திக்கொள்கிறேன்.

9 ஜூன்

மே 11-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "அரசு வேலை என்றால் இது, கம்பெனி என்றால் அது" என்று பஸ் நிலையத்தில் வழி சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். வேலைத் தகுதி பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது, அதில் மாற்றமில்லை. மற்றதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

அக்ரி பிசினஸ் எடுத்தால் வயல் பாடங்களில் பாதியில் நின்றுவிடும். பூச்சி தெரியாது, மண் தெரியாது, விவசாயி முன்னால் நிற்கும்போது நாலு நிமிடத்தில் அது வெளிப்பட்டுவிடும். நான் அக்ரி முடித்துவிட்டுப் போனதால் தப்பித்தேன். எம்.பி.ஏ.வில் என்னோடு இருந்த ஒருவன் முந்திரிப்பழத்தைப் பார்த்து, கொட்டை ஏன் வெளியே தொங்குகிறது, யாராவது ஒட்டினார்களா என்று கேட்டான். இன்று பெரிய கம்பெனியில் கொள்முதல் மேலாளர். அதனால் இந்த வாதமும் முழுக்கச் செல்லாது.

இன்னொன்று. வளப் பொருளாதாரம் இளங்கலையில் ரெண்டு கிரெடிட், மூன்று கிரெடிட் என்று ஓரமாகத்தான் வரும். விரும்பிப் படிக்க வேண்டுமென்றால் முதுகலையில் வேளாண் பொருளாதாரம் எடுக்க வேண்டும். அதற்குப் புள்ளியியல் பயமில்லாமல் இருக்க வேண்டும். பாப்பாவுக்குக் கணக்கு பிடிக்குமா என்று நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை.

10 ஜூன்

கணக்கு பிடிக்காதாம். ஆனால் மாமா கடைப் பேரேட்டில் ரெண்டு தப்பைக் கண்டுபிடித்தாளாம். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை அண்ணா?

15 ஜூன்

நள்ளிரவோடு தடை முடிந்தது. காலையில் துறைமுகத்துக்கு வேறு வேலையாகப் போனேன். டீசல் வாடை, ஐஸ் உடைக்கிற சத்தம், புதுப் பெயிண்ட் அடித்த படகுகள் பாதிக்கு மேல் கிளம்பிவிட்டன. முதல் மீன் வர இன்னும் நேரம் ஆகும் என்றார்கள்.

நெல்லிக்குப்பம் அண்ணா நேற்று குடோனுக்கு வந்திருந்தார், பெண்ணோடும் மச்சானோடும். பாப்பா விருப்பப் பட்டியலில் முதலில் பி.எஸ்சி. வேளாண்மை, இரண்டாவதாக அக்ரி பிசினஸ் போட்டிருக்கிறாள். யார் சொல்லி மாற்றினாள் என்று கேட்டேன், சொல்லவில்லை.

மச்சான் அதிகம் பேசவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. போன மாதம் சத்தத்தை வைத்து 12 மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறார், அதிலிருந்து ஒரு கிலோ. "சும்மா வெட்டிப் பாருங்களேன்" என்றார். அக்கா சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து குவியல் பிரித்தாள், புள்ளி விழுந்ததை நல்லதில் போட்டபோது அக்கா அவள் கையைத் தட்டினார். நல்லது 226, புள்ளி 44. பாதிக் கணக்கை அவளே போட்டாள்: 248 கிராம். போனில் பெருக்கி, "43.7 மாமா" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டின பருப்பையெல்லாம் நியூஸ் பேப்பரில் கொட்டி மடித்து, அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கத்தி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.